எழுபதடித் தென்னைக்குள் இருக்கும் மோட்டார் எது?

கேள்வி: ஆனைமலைத் தோப்புக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோப்பில் அப்பாரு காலத்தில் வைத்த நாட்டுத் தென்னைகள் அறுபது எழுபதடி உயரத்தில் இன்றும் காய்த்துக்கொண்டிருக்கின்றன. சென்ற கோடையில் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியபோது, உள்ளே திட்டில் வைத்திருந்த மோட்டார் ஏர் வாங்கி நின்றுவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக், "மோட்டாருக்கும் தண்ணிக்கும் நடுவுல இருவத்தஞ்சு அடிக்கு மேல போச்சுன்னா எத்தனை எச்பி போட்டாலும் உறிஞ்சாதுங்க" என்று சொல்லி, மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும், இல்லையென்றால் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாற வேண்டும் என்றார்.

அருகில் நின்றிருந்த என் மகள் பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். அவர் போனபின், "அப்படியானால் இந்த மரத்துக்குள் எந்த மோட்டார் இருக்கிறது?" என்று கேட்டாள். வேர்தான் நீர்மூழ்கி மோட்டாரைப் போல அடியிலிருந்து தள்ளுகிறது என்று நான் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இலைதான் மேலிருந்து இழுக்கிறது என்று இருப்பதாக அவள் மறுத்தாள். மேலிருந்து இழுப்பதும் உறிஞ்சுவதுதானே, அதற்கு மட்டும் இருபத்தைந்து அடிக் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவளிடமும் பதில் இல்லை.

இதோடு எனக்கென்று இரண்டு ஐயங்கள் உள்ளன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மரத்துக்கு 200 மில்லி வீதம் தென்னை டானிக் என்னும் சத்துக் கரைசலைப் பையில் ஊற்றி வேரில் கட்டிவிடுகிறோம். போன முறை கட்டிய இருபது மரங்களில் ஆறு மரங்கள் இரண்டு நாளாகியும் பையைக் காலி செய்யவில்லை. அந்த டானிக்கும் தண்ணீர் போகும் அதே வழியில்தான் போகிறதா? அடுத்தது, சில மரங்களில் அடிமட்டை மஞ்சளாகிறது, சிலவற்றில் குருத்துப் பக்கம் மட்டும் வெளிறுகிறது. உரம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் போட்டும் இப்படி இடம் மாறிக் காட்டுவதற்குக் காரணம் என்ன? விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் மகளுக்கும் காட்டுவேன்.

பதில்: கோபி தாவரவியல் ஆசிரியர்

தங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தினேன், கிணற்று மோட்டாரோடு சேர்த்து ஒரு மாணவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. மெக்கானிக் சொன்னதும் சரி, பாடப்புத்தகம் சொல்வதும் சரி. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றுவதற்குக் காரணம், "உறிஞ்சுதல்" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு செயல்களுக்குப் பயன்படுத்துவதுதான்.

முதலில் மோட்டாரைப் பார்ப்போம். மேலே இருக்கும் மோட்டார் உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் சேர்ந்து அழுத்தினாலும் தண்ணீரை 10.3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 34 அடி உயரத்துக்குத்தான் தள்ள முடியும். குழாயின் உராய்வு, புட்வால்வின் கசிவு, மோட்டாரின் தேய்மானம் எல்லாம் போக நடைமுறையில் நமக்குக் கிடைப்பது மெக்கானிக் சொன்ன அந்த இருபத்தைந்து அடி.

மரத்தில் ஏறும் நீரைக் காற்று தள்ளவில்லை. அது ஒரு கயிற்றைப் போல மேலிருந்து இழுக்கப்படுகிறது. தண்ணீரைக் கயிறு என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்பவை. நடுவில் காற்றுக்குமிழி இல்லாத மெல்லிய குழாயில், குழாயின் சுவரையும் பற்றிக்கொண்டு நிற்கும் நீரிழை, மேல் முனையை இழுத்தால் அறுந்துபோகாமல் அடிவரை இழுபட்டு வரும். மரத்தின் சைலம் என்னும் நீர்க்குழாய்கள் அத்தகையவை. மிக நுண்ணியவை, பிறக்கும்போதே நீர் நிரம்பிப் பிறப்பவை, முதிர்ந்தபின் உள்ளே உயிர்ப்பொருள் இல்லாமல் வெறும் சுவர்களாக நிற்பவை. கிணற்றுக் குழாயிலோ நீரில் கரைந்த காற்றும், சுவரில் ஒட்டிய குமிழிகளும் ஏராளம். ஆகவே அந்த நீரைக் கயிறாக இழுக்க முயன்றால் உடனே அறுந்துவிடும். அதைத்தான் நாம் ஏர் வாங்கிவிட்டது என்கிறோம்.

இழுப்பது யார் என்றால், வெயிலும் காற்றும்தான். இலைக்குள் இருக்கும் செல்களின் ஈரமான சுவர்களிலிருந்து நீர் ஆவியாகி இலைத்துளைகள் வழியே வெளியேறும்போது, அந்தச் சுவர்களின் நுண்ணிய இடுக்குகளில் எஞ்சிய நீர்ப்பரப்பு உள்வளைந்து, பின்னால் இருக்கும் நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பு இலை நரம்பு, மட்டை, தண்டு, வேர் என்று வழிநெடுக இறங்கி, கடைசியில் மண்ணிலுள்ள ஈரத்தை எட்டுகிறது. எழுபதடி என்பது ஏறத்தாழ 21 மீட்டர். அந்த நீரின் எடையைத் தாங்க மட்டும் இரண்டு பார் இழுவிசை வேண்டும். காரின் டயரில் ஏற்றும் காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். குழாய்களின் உராய்வை வெல்லவும், காய்ந்துவரும் மண் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஈரத்தைப் பிடுங்கவும் இன்னும் சில பார் கூடுதலாகத் தேவை. நண்பகல் வெயிலில் பத்துப் பதினைந்து பார் இழுவிசை மர இலைகளில் சாதாரணமாகக் காணப்படுவதுதான். கலிபோர்னியாவில் 115 மீட்டருக்கும் மேல் வளர்ந்து நிற்கும் ரெட்வுட் மரத்துக்கும் இதே வழிதான்.

இந்த விளக்கத்தை 1894-இல் டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி ஆகிய இருவரும் முன்வைத்தனர். அதற்குச் சற்று முன்பே எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஜெர்மானியர், உயரமான மரங்களை அடியில் அறுத்து நச்சுக் கரைசலில் நிறுத்தி, தண்டின் உயிருள்ள செல்கள் செத்தபின்னும் கரைசல் மேலே ஏறுவதைக் காட்டியிருந்தார். நம் ஜகதீஷ் சந்திர போஸ் 1920களில், தண்டின் உயிருள்ள செல்கள் இதயம்போல் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று வாதிட்டார். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்றாலும், இந்த ஒன்றில் அவர் கருத்து நிலைக்கவில்லை என்பதை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லிவந்தேன்.

குழாய் நுண்ணியது என்பதால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறுகிறது என்று சிலர் சொல்வார்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நீர் தானாக ஏறும் உயரம் ஓரடிதான். மீதமுள்ள அறுபத்தொன்பது அடிக்கு அது உதவாது.

பதில்: மூலனூர் முருங்கை

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய வருத்தம் நினைவுக்கு வந்தது. ஆடிக் காற்றுக்குச் சாய்ந்துவிடாமல் இருக்க, நான்கு ஆண்டுகளுக்கு முன் வரப்போரத்து முருங்கை மரங்களைக் கட்டுக்கம்பியால் சுற்றி முளைக்குச்சியோடு இழுத்துக் கட்டினேன். அவிழ்க்க மறந்துவிட்டேன் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மறு ஆண்டு பார்த்தபோது கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. கம்பிக்கு மேலே தண்டு குடம்போல் வீங்கியிருந்தது, கீழே சூம்பிக் கிடந்தது. ஆனாலும் இலை பச்சையாகத்தான் இருந்தது, பூவும் காயும்கூட வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல்தான். அதனால் பாதகமில்லை என்று விட்டுவிட்டேன். அடுத்த கோடையில் மூன்று மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போயின.

தண்ணீர் போகும் வழியைக் கம்பி நெரித்திருந்தால் இலை முதல் வாரத்திலேயே வாடியிருக்க வேண்டும். வாடவில்லை. அப்படியானால் கம்பி எதை நெரித்தது? தென்னையிலும் இதேபோல் நேருமா?

பதில்: தொண்டாமுத்தூர் நாற்றங்கால்

மூலனூர் அண்ணா, நீங்கள் தெரியாமல் செய்ததை இத்தாலியைச் சேர்ந்த மார்செல்லோ மால்பிகி 17-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்து செய்து பார்த்தார். மரத்தின் பட்டையை வளையமாக உரித்தால் வளையத்துக்கு மேலே வீக்கம் வருவதை அவர் பதிவு செய்தார். நீர் ஏறும் சைலம் பட்டைக்கு உள்ளே, கட்டைப் பகுதியில் இருக்கிறது. இலையில் உண்டான சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் எடுத்துப்போகும் புளோயம் பட்டையை ஒட்டி வெளியே இருக்கிறது. உங்கள் கம்பி நெரித்தது இந்த இரண்டாவது வழியைத்தான். இலைக்குத் தண்ணீர் தடையின்றிப் போனது, ஆனால் வேருக்குச் சாப்பாடு வரவில்லை. கீழே இறங்க முடியாத சர்க்கரை கம்பிக்கு மேலே தேங்கியதால்தான் வீக்கமும், அந்த ஓராண்டின் கூடுதல் காயும். வேர் தன்னிடமிருந்த சேமிப்பைத் தின்று தீர்த்ததும் நீர் எடுக்கும் திறனை இழந்தது, மரம் பட்டுப்போனது. எங்கள் நாற்றங்காலில் மாதுளைக்கும் கொய்யாவுக்கும், கிளையிலேயே வேர் பிடிக்கவைக்கும் விண்பதியம் போடும்போது பட்டையை ஓரங்குல வளையமாக உரிப்பதும் இந்தத் தேக்கத்தை நம்பித்தான். வளையத்தின் மேல் விளிம்பில்தான் வேர் பிடிக்குமே தவிர, கீழ் விளிம்பில் பிடிப்பதை நான் பார்த்ததில்லை.

ஆசிரியர் ஐயா சொன்ன வழியில் நீர் இழுக்கப்படுகிறது என்றால், இந்த வழியில் சர்க்கரைப் பாகு தள்ளப்படுகிறது. 1930-இல் எர்ன்ஸ்ட் முன்ஷ் என்ற ஜெர்மானியர் விளக்கியபடி, இலையருகே புளோயத்தின் சல்லடைக் குழாய்களில் சர்க்கரை ஏற்றப்படும்போது பக்கத்திலுள்ள நீரும் உள்ளே புகுந்து அழுத்தம் கூடுகிறது. வேரிலோ காயிலோ சர்க்கரை இறக்கப்படும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. கூடுதலிலிருந்து குறைவுக்குப் பாகு மணிக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்ற அளவில் நகர்கிறது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பொள்ளாச்சிப் பக்கம் நீரா இறக்கும் தோப்புக்குப் போனால் போதும். பாளையைச் சீவிய இடத்தில் நாள் முழுவதும் சொட்டுவது புளோயத்தின் சாறு. பனையின் பதநீரும் அதுவே. 10 முதல் 15 சதவீதம் சர்க்கரை இருப்பதால்தான் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்க முடிகிறது. சைலத்தில் ஏறும் நீரைக் காய்ச்சினால் அடியில் சிறிது உப்பு மட்டும்தான் ஒட்டும்.

தென்னையில் இந்தக் கம்பி விபத்து அதே முறையில் நேராது, ஏனென்றால் தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதில் பட்டை தனி, கட்டை தனி என்ற பிரிவே இல்லை. வெட்டிய தென்னந்துண்டின் முகத்தைப் பாருங்கள்: பழுப்பு நிறப் புள்ளிகள் நெடுகச் சிதறியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் சைலமும் புளோயமும் சேர்ந்த ஒரு கட்டு. ஆனால் இதில் ஒரு கடுமையும் உண்டு. வேம்பும் மாவும் ஆண்டுதோறும் புதுக் குழாய் அடுக்கைச் சேர்த்துக்கொள்ளும். தென்னைக்கு அதற்கான கேம்பியம் என்னும் வளரடுக்கு கிடையாது. ஆனைமலை அண்ணாவின் அப்பாரு காலத்து மரத்தின் அடித்தண்டில் அன்று உண்டான குழாய்கள்தாம் இன்றும் நீரைச் சுமக்கின்றன. ஏறுவதற்கு வசதியாக அரிவாளால் கொத்திவைத்த படிக்காயங்கள் ஆறாமல் அப்படியே நிற்பதும் இதனால்தான். ஆகவே தென்னந்தண்டில் ஆணி அடிப்பது, துளையிட்டு மருந்து ஊற்றுவது போன்றவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இனி டானிக்குக்கு வருகிறேன், ஆனைமலை அண்ணா. மண்ணிலிருந்து வேருக்குள் நுழையும் நீர் எல்லாமே அகத்தோல் என்னும் அடுக்கில் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். அங்குள்ள செல்களின் இடுக்குகளை காஸ்பாரியன் பட்டை என்ற மெழுகுத் தடை அடைத்திருப்பதால், நீரும் உப்பும் உயிருள்ள செல்லின் சவ்வைக் கடந்துதான் உள்ளே போக முடியும். எது வேண்டும், எது வேண்டாம் என்று செடி பிரிப்பது அந்த இடத்தில்தான். நீங்கள் வேரைச் சாய்வாகச் சீவிப் பைக்குள் நுழைக்கும்போது அந்தச் சாவடியைத் தாண்டி நேராக சைலத்தைத் திறந்துவிடுகிறீர்கள். ஆகவே டானிக் போவது தண்ணீர் போகும் வழியில்தான், ஆனால் சோதனை இல்லாமல் போகிறது. அளவைக் கூட்டினால் நல்லது என்று கரைசலைக் கெட்டியாக்குகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

குடிக்காத ஆறு மரங்களில் பெரும்பாலும் வேர்த் தேர்வில்தான் பிழை இருந்திருக்கும். பென்சில் பருமனில், வெளிர்நிறத்தில், நுனி உயிரோடு இருக்கும் இளவேர் வேண்டும். கறுத்துக் கட்டையான வேர் குடிக்காது. மழுங்கிய கத்தியால் நசுக்கி அறுத்தால் குழாய் வாய் மூடிக்கொள்ளும். வெட்டிவிட்டுப் பேசிக்கொண்டே நின்றால் வெட்டுவாயில் காற்று ஏறி, உங்கள் மோட்டாருக்கு நேர்ந்ததே வேருக்கும் நேரும். மேகமூட்டமான நாளிலும் மாலையிலும் கட்டினால் இலையில் இழுப்பு குறைவு என்பதால் பை மெதுவாகத்தான் வற்றும். ஒரு நாள் கழித்தும் குறையவில்லையென்றால் வேறு வேரைத் தேடுங்கள்.

மட்டை மஞ்சளாவதற்கும் இந்த இரண்டு வழிகளே காரணம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை சைலத்தில் ஏறி இலைக்கு வந்தபின் புளோயம் வழியாக மறுபடியும் இடம்பெயரக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் மரம் முதிர்ந்த மட்டையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுத்துவிடும், அதனால் அடிமட்டை மஞ்சளாகும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து, போரான் போன்றவை போய்ச் சேர்ந்த இடத்திலேயே ஏறக்குறைய தங்கிவிடும். தட்டுப்பாட்டில் பழைய இலை பச்சையாக இருக்கும், குருத்துதான் வெளிறும் அல்லது விரியாமல் சுருளும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கிணத்துக்கடவுப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைப் பற்றி. அதுவும் இதே கதைதான். சுண்ணாம்புச்சத்து சைலத்தின் நீரோடுதான் பயணம் செய்யும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் நாளில் இலை அவ்வளவு நீரையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, நீராவி அதிகம் விடாத காய்க்குப் பங்கு குறைகிறது. இலைமேல் சுண்ணாம்புச்சத்தைத் தெளித்தால் அது இலையிலேயே நின்றுவிடும், காய்க்குப் போகாது. சீராகத் தண்ணீர் விடுவதுதான் முதல் மருந்து. மூன்று நாள் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாக விடுகிற தோட்டத்தில் எந்தப் புட்டியும் வேலை செய்யாது.

பதில்: சத்தி வாழை

எல்லாம் சரி, ஆனால் வேர் தள்ளவே இல்லை என்பதுபோல் பேச்சு போகிறது. எங்கள் வயலில் விடியற்காலையில் நெல் நாற்றின் ஒவ்வொரு நுனியிலும் முத்துப்போல் ஒரு சொட்டு நிற்கிறது. இலைக்கு நடுவில் பனி இல்லாத நாளிலும் நுனியில் மட்டும் நிற்கிறது. வாழையை வெட்டியபின் அடித்தண்டில் நீர் ஊறிக் குளம்போல் நிற்கிறது. வெயிலே இல்லாத நேரத்தில், இலையே இல்லாத தண்டில் இழுப்பது யார்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வாடல் நோய் வந்த வாழையில் மண் ஈரமாக இருந்தும் இலை ஒடிந்து தொங்குகிறதே, அது எந்தக் குழாயின் அடைப்பு?

பதில்: கோபி தாவரவியல் ஆசிரியர்

சத்தி நண்பர் சொல்வது சரி, நான் அதை விட்டுவிட்டது பிழை. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் உப்புகளை உள்ளே ஏற்றிக்கொண்டே இருப்பதால் நீரும் பின்தொடர்ந்து புகுந்து வேர் அழுத்தம் உண்டாகிறது. நெல் நுனியில் நிற்பது பனியல்ல, அந்த அழுத்தத்தால் வடிந்த நீர். 1727-இலேயே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், வெட்டிய திராட்சைக் கொடியின் அடித்தண்டில் குழாயைப் பொருத்தி இந்த அழுத்தத்தை அளந்து எழுதியிருக்கிறார். ஆனால் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு பாருக்குள் அடங்குவது. நண்பகலில், நீர் அதிகம் தேவைப்படும் வேளையில், ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவது. நாற்றுக்கும் வாழைக்கும் அது உதவும், எழுபதடித் தென்னையின் பகல் தேவைக்குப் போதாது. ஆகவே ஆனைமலை நண்பர் மகளிடம் சொன்னது முழுப் பொய்யல்ல, இரவு நேரத்து உண்மை.

வாழை வாடலில் அடைபடுவது சைலம். பியூசேரியம் என்ற மண்பூஞ்சை வேர் வழியாக அதற்குள் நுழைகிறது. கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் செம்பழுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை அடைபட்ட குழாய்கள்தாம். அதற்கு மேலும் தண்ணீர் கட்டினால் பூஞ்சையைப் பக்கத்து வாழைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகத்தான் முடியும். இதற்கு நேர்மாறாக, ஆனைமலை வட்டாரத்தில் பரவும் தென்னை வேர்வாடல் நோய்க்குக் காரணமான பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி வாழ்வது புளோயத்தில். சாறுறிஞ்சும் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. பெயரில் வேர் இருப்பதைப் பார்த்து வேரை மட்டும் தோண்டிக்கொண்டிருந்தால் பயனில்லை.

கேள்வி கேட்டவர்: ஆனைமலைத் தோப்புக்காரன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். படித்ததோடு விடாமல், குடிக்காத மரங்களுக்கு மறுபடி டானிக் கட்டும்போது அவளும் மண்வெட்டியோடு வந்துவிட்டாள். மூன்று மரங்களுக்குக் காலை எட்டு மணிக்கும், மூன்று மரங்களுக்கு அன்று மாலை ஆறு மணிக்கும் கட்டினோம். தண்டிலிருந்து மூன்றடி தள்ளித் தோண்டி, புது பிளேடால் சீவி, சீவிய வேரை ஒரு கணமும் வெளியே விடாமல் பைக்குள் செலுத்தி நூலால் கட்டினோம். பையின் வெளிப்புறத்தில் அவள் பேனாவால் கோடு போட்டு வைத்தாள்.

காலையில் கட்டியவற்றில் இரண்டு பைகள் மதியச் சாப்பாட்டுக்குள் பாதிக்குமேல் இறங்கி, பொழுது சாயும்போது காலியாகிவிட்டன. மாலையில் கட்டியவை இரவு முழுவதும் கோட்டை விட்டு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை, மறுநாள் பத்து மணிக்கு மேல்தான் குறையத் தொடங்கின. காலையில் கட்டிய மூன்றாவது பை மட்டும் அசையாமல் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தபோது வெட்டுவாயின் உள்பக்கம் கறுத்திருந்தது. அது நான் தேர்ந்தெடுத்த வேர் என்பதை மகள் இரண்டு முறை சொல்லிக் காட்டினாள். பக்கத்திலேயே அவள் காட்டிய வேரில் மாற்றிக் கட்டியிருக்கிறோம்.

மோட்டாரைப் பன்னிரண்டடி கீழே இறக்க வரும் ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்கள்.